ஏழு வலது கைகள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே மத்தியானத்தில் ஏழு பையன்களுக்கு வலது கை ஒடிந்தது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒடிந்ததாக ஹெட்மாஸ்டர் மேலிடத்துக்கு எழுதி அனுப்பினார். கயிறு இழுத்தால் ஏழு பேருக்கும் அதே கை, அதே எலும்பு எப்படி ஒடியும் என்று மேலிடத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் இப்படி வயிறெரிந்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

அந்த ஏழு பேரில் ஒருவன் என் அண்ணன். அவன் பத்தாம் வகுப்பு, நான் ஒன்பதாம் வகுப்பு. அவன் கைக்கு ஒரு குறையும் கிடையாது. பக்கத்து வீட்டு மின்விசிறி நின்றுபோனால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கழற்றி, துடைத்து, ஒரு ஸ்குரூ மிச்சமில்லாமல் மாட்டிவிட்டு வருவான். அவனுக்கு வாசிக்கத்தான் தெரியாது.

தெரியாது என்றால் திக்கித் திணறி வாசிப்பான் என்று நினைக்க வேண்டாம். எழுத்துகள் பாதி தெரியும். ஒரு சொல்லின் மூன்றாவது எழுத்துக்குப் போவதற்குள் முதல் எழுத்து கையைவிட்டுப் போயிருக்கும். பிறகு எப்படிப் பத்தாம் வகுப்புவரை வந்தான் என்று கேட்பீர்கள். எங்கள் வகுப்புகளில் எல்லாரும் சேர்ந்துதான் பாடம் வாசிப்போம். முன் பெஞ்சில் ஒரு பெண் தொடங்குவாள், மற்றவர்கள் ராகம் இழுத்துக்கொண்டே பின்னால் போவார்கள். அண்ணன் அரை மூச்சு பின்னால் போவான். அவன் குரல் கணீரென்று இருக்கும். ஒருமுறை பார்வையிட வந்த அதிகாரி அவன் முதுகைத் தட்டி, "பையன் நல்லா வாசிக்கிறானே" என்று சொல்லிவிட்டுப் போனார். கரும்பலகையில் இருப்பதைப் படம் வரைவது மாதிரி நோட்டில் வரைந்துவிடுவான். பத்தாம் வகுப்புவரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்பது எங்கள் நாட்டுச் சட்டம். நல்ல சட்டம்தான். யாரையும் நிறுத்தவில்லை, யாருக்கும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை.

நீ சொல்லிக்கொடுத்திருக்கலாமே என்று என்னைப் பார்த்துக் கேட்கிறவர்கள் உண்டு. உட்கார்ந்து பார்த்தோம். மூன்றாவது வரியில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும், நான்காவது வரியில் அவன் எழுந்து போய்விடுவான். தன்னைவிடச் சின்னவளிடம் திட்டு வாங்கிக்கொண்டு எந்தப் பையன் படிப்பான். எனக்கு வாய் இருக்கிற அளவுக்குப் பொறுமை கிடையாது. அண்ணன் எனக்கு வைத்த பேரே வாயாடிதான்.

அவனுக்குத் தோல்வியில் ஆசை வந்தது மொட்டையால். மொட்டை அவன் கூட்டாளி, ஒரு வருஷம் மூத்தவன். முந்தின வருஷம் மொழிப் பாடத்தில் ஃபெயில் ஆனவன். ஃபெயில் ஆனவர்களுக்கென்று டயர் கடை மாடியில் அரசாங்கம் ஒரு வகுப்பு நடத்துகிறது. அங்கே ஒரு டீச்சர் இருக்கிறார். மீசை வைத்த பையன்களை உட்காரவைத்து முதல் எழுத்திலிருந்து தொடங்குவார். சேர்ந்து வாசிப்பது அங்கே கிடையாது, ஒவ்வொருவனும் தனியாக வாசிக்க வேண்டும், மற்றவன் சிரித்தால் வெளியே போக வேண்டும். ஆறே மாதத்தில் மொட்டை வாசிக்க ஆரம்பித்துவிட்டான். அவனோடு தெருவில் நடப்பதே பெரிய தொல்லையாகிப் போனது. கடைப் பலகை, லாரியின் முதுகு, இங்கே குப்பை கொட்டாதீர், சிமெண்ட் விளம்பரம் என்று ஒன்று விடமாட்டான். அத்தனையையும் நின்று, எழுத்துக் கூட்டி, உரக்க வாசித்துவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பான். நான் தலையில் அடித்துக்கொள்வேன். அண்ணன் மொட்டையின் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பான்.

ஒருநாள் அவனும் அந்த மாடிக்குப் போய்க் கேட்டிருக்கிறான். ஃபெயில் ஆன மார்க் ஷீட்டைக் கொண்டு வந்தால்தான் சேர்க்க முடியும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம் மட்டும் சொன்னான்.

"நான் ஃபெயில் ஆகணும். ஒரே ஒரு பாடத்துல ஃபெயில் ஆனா போதும்."

நல்ல ஆசைதான், அதற்கென்று தனியாகப் பாடுபட வேண்டியதில்லை, நீ பேனாவைத் தொட்டாலே போதும் என்று நான் கிண்டல் செய்தேன். அவனும் சிரித்தான். ஃபெயில் ஆவது அவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தெரியாது.

அந்த வருஷம் பார்த்து நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். பதினைந்து வயதுப் பையன்களில் பாதிப் பேருக்கு ஒரு பத்தி வாசித்துப் புரிந்துகொள்ள வரவில்லை என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். பெண்கள் எப்படியோ தப்பிப் பிழைத்திருந்தார்கள். மந்திரி தலைகுனிந்தார், மேலதிகாரிகள் கீழதிகாரிகளைக் கடித்தார்கள், கீழதிகாரிகள் ஹெட்மாஸ்டர்களைக் கடித்தார்கள். பத்தாம் வகுப்பில் ஒரு பையன் ஃபெயில் ஆனாலும் ஹெட்மாஸ்டர் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று உத்தரவு வந்தது. பையன்களுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. போட்டிருந்தாலும் பரீட்சைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

எங்கள் ஹெட்மாஸ்டர் ஒருநாள் அம்மாவையும் அண்ணனையும் என்னையும் தன் அறைக்கு அழைத்தார். கை ஒடிந்தவனுக்கு அவன் சொல்வதை எழுத ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம், அந்த ஆள் ஒரு வகுப்புக் கீழே படிக்க வேண்டும், விதியிலேயே இருக்கிறது என்றார். தங்கச்சியே எழுதினால் வெளியே பேச்சு கிளம்பாது என்றார். அம்மா ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை செய்கிறாள். மாவுக்கட்டுப் போடுகிறவருக்கு அம்மாவை நன்றாகத் தெரியும். அதைத்தான் ஹெட்மாஸ்டர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். அப்பா லாரியோடு போனால் மாதக்கணக்கில் வரமாட்டார், போனில் பிள்ளை பாஸா என்று மட்டும் கேட்பார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு ஹெட்மாஸ்டர் கடவுளாகத் தெரிந்தார். கையெடுத்துக் கும்பிட்டாள்.

அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தான்.

"சார், நான் ஃபெயில் ஆயிக்கறேன் சார். அந்த மாடி வகுப்புக்குப் போறேன்."

ஹெட்மாஸ்டருக்குக் கோபமே வரவில்லை. "அது உன் இஷ்டம் இல்ல தம்பி" என்றார். அம்மா வெளியே வந்ததும் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். ஊரே பாஸ் ஆக அழுகிறது, உனக்கு மட்டும் ஏன் புத்தி இப்படிப் போகிறது என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள்.

மாவுக்கட்டுப் போட்ட மத்தியானம் நானும் அம்மாவோடு போயிருந்தேன். ஏழு பேரும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். கட்டுப் போடுகிறவர் ஒடிந்த கைகளையே பார்த்துப் பழகியவர், வலியில்லாமல் நீட்டப்பட்ட கைகளைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஈரத் துணியைச் சுற்றும்போது பையன்களும் கூச்சத்தில் நெளிந்து சிரித்தார்கள். அவர்களில் ஒருவன் இடது கையால் எழுதுகிறவன். அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. அவனுக்கும் வலது கையிலேயே கட்டினார். அவன் இடது கையால் எழுதி எத்தனை நாளாகிறதோ, அதுவே எல்லாருக்கும் மறந்து போயிருந்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கட்டு காய்ந்ததும் விரலால் தட்டிப் பார்த்தான்.

"நல்ல கையக் கட்டிப்போட்டுட்டீங்க" என்றான். அம்மா முறைத்தாள்.

முதல் பரீட்சையே மொழிப் பாடம். கை ஒடிந்தவர்களுக்கு விளையாட்டுச் சாமான் வைக்கிற அறையை ஒதுக்கியிருந்தார்கள். மூலையில் அந்தக் கயிறு கிடந்தது. வாங்கின கடையின் அட்டைகூடக் கிழிக்காமல் சாக்கோடு கிடந்தது. ஒவ்வொரு பையன் பக்கத்திலும் ஒருத்தியாக ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நாங்கள் பேனாவோடு உட்கார்ந்தோம். கண்காணிக்க வேறு பள்ளியிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தார். விதிகள் இருந்த தாளை மேசைமேல் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்.

"கைதானே ஒடிஞ்சிருக்கு, கண்ணு நல்லாத்தானே இருக்கு. கேள்விய அவங்கவங்களே மனசுக்குள்ள படிச்சுக்கணும். பதில மெதுவா சொல்லணும். எழுதற பொண்ணுங்க கேள்விய வாசிச்சுக் காட்டக் கூடாது. அப்படி யாராவது வாசிச்சா பேப்பர வாங்கிடுவேன்."

நாங்கள் பதினாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவ்வளவு திட்டம் போட்ட ஹெட்மாஸ்டருக்கு, கட்டியது தப்பான இடம் என்று உறைக்கவே இல்லை. எழுத ஆள் கொடுத்துவிட்டார், வாசிக்க ஆள் கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் பள்ளிக்கூடம் நடத்துகிற மனுஷனுக்குக் கேள்வியை முதலில் வாசிக்க வேண்டும் என்பது ஞாபகமே வரவில்லை என்றால், அவரிடம் படித்த எங்கள் நிலைமையை என்னவென்று சொல்வது.

பையன்கள் கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கண்களை மேலும் கீழும் ஓட்டினார்கள். ஓட்டத் தெரிந்தது அவ்வளவுதான். டீச்சர் ஒரு சுற்று வந்தார். முதல் பையன் முகத்தைப் பார்த்தார், அடுத்தவன் முகத்தைப் பார்த்தார். மூன்றாவது பையனிடம் வரும்போது அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு நன்றாகத் தெரியும், அவர் நடை அங்கே நின்றது. இப்போது ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அவர் பள்ளியிலும் கைகள் ஒடிந்திருக்கும் போலிருக்கிறது.

பிறகு எல்லாம் தானாக நடந்தது. பெண்கள் தாங்களே கேள்வியைப் பார்த்துத் தாங்களே பதில் எழுத ஆரம்பித்தார்கள். வாய் அசையாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று பையன்கள் எதையாவது முணுமுணுத்தார்கள். எனக்குப் பின்னால் இருந்த இடக்கைக்காரன் ஒரு பந்தாட்டத்தின் நேர்முக வர்ணனையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். அவன் பக்கத்துப் பெண் இலக்கணக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள். நானும் முதல் கேள்வியைப் பார்த்துவிட்டுப் பேனாவைத் தாளில் வைத்தேன். தடாலென்று மாவுக்கட்டு வந்து தாள்மேல் விழுந்தது.

"நிறுத்து. நான் சொல்றத எழுது" என்றான் அண்ணன்.

"கேள்வியே தெரியாம என்ன சொல்லப்போற?"

"எனக்கு சொல்றதுக்கு இருக்கு. நீ வேற எதையாவது எழுதினா எனக்குத் தெரியப்போறதில்ல. அதனாலதான் கேக்கறேன். அப்படியே எழுது."

ஹெட்மாஸ்டர் என்னை என்ன செய்வார், அம்மா என்ன செய்வாள் என்று எல்லாம் ஒரு நிமிஷம் மனசில் ஓடியது. அவன் முகத்தைப் பார்த்தேன். சரி, ஃபெயில் ஆகித்தான் தொலையேன் என்று எழுத ஆரம்பித்தேன்.

அவன் சொன்னது இதுதான். "எனக்கு வாசிக்கத் தெரியாது. என் கை ஒடியல. இத எழுதறது என் தங்கச்சி, அவ மேல தப்பு இல்ல. மூணாம் வகுப்புல எங்க டீச்சர் பிரசவ லீவுல போனாங்க. வேற யாரும் வரல. அந்த வருஷம் பூரா எங்கள மைதானத்துல கல்லு பொறுக்க விட்டாங்க. நாலாம் வகுப்பு சார் இதெல்லாம் போன வருஷமே படிச்சிருப்பீங்களேன்னாரு. தலையாட்டினேன். அப்பலேர்ந்து தலையாட்டிக்கிட்டேதான் இருக்கேன்." இப்படியே போனது. பெண்கள் சிரித்தது, மருந்துக் கடைக்குப் போய்த் தப்பான பாட்டிலோடு வந்தது, ஒரு பெண் கொடுத்த கடிதத்தை வாசிக்கத் தெரியாமல் கிழித்துப் போட்டது, என்னிடம்கூடச் சொல்லாதது எல்லாம் வந்தது. கடைசியில், "இத வாசிக்கறவங்க யாரா இருந்தாலும் தயவு பண்ணி என்ன ஃபெயில் போடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றான்.

பேச்சு வழக்கில் எழுதினால் மார்க் குறைப்பார்கள் என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். குறைக்கட்டும் என்று ஒரு சொல் மாற்றாமல் எழுதினேன். ஹெட்மாஸ்டர் வாசலில் வந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்ததால், இடையிடையே கேள்வி எண்களை மட்டும் வரிசையாகப் போட்டுவைத்தேன். பழக்க தோஷத்தில் ஓரத்தில் கோடு கிழித்தேன், அங்கங்கே அடிக்கோடும் போட்டேன். தாள் பார்க்க லட்சணமாக இருந்தது. ஹெட்மாஸ்டர் தூரத்திலிருந்தே திருப்தியாகத் தலையசைத்துவிட்டுப் போனார். மற்றப் பாடங்களில் மற்றவர்கள் மாதிரியே நானும் பதில் எழுதினேன். ஒரு பாடத்தில் ஃபெயில் ஆனால் போதுமே.

முடிவு வருகிறவரை அண்ணன் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. மாவுக்கட்டை வெட்டி எறிந்த அன்றைக்கே மொட்டையோடு போய் மாடி வகுப்பின் மின்விசிறியைச் சரி செய்து கொடுத்துவிட்டு வந்தான். ஜன்னலோரம் ஓர் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தான்.

ஏழு பேரும் பாஸ். அண்ணனுக்கு மொழிப் பாடத்தில் நூற்றுக்கு அறுபத்திரண்டு.

அம்மா அழுதாள், அப்பா எங்கோ ஒரு நெடுஞ்சாலையிலிருந்து போனில் சத்தம்போட்டுச் சிரித்தார். பள்ளி வாசலில் ஏழு பேர் படத்தையும் போட்டு ஒரு பேனர் தொங்கியது. அண்ணன் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தபோது மொட்டைதான் எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தான். "கை ஒடிந்தாலும், நம்பிக்கை, ஒடியாத, எங்கள், சாதனை மாணவர்கள்." அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ நான் சொன்னத எழுதலியா?"

எழுதினேன் என்று சொன்னேன். அம்மா மேல் சத்தியம் செய்தேன். அவன் நம்பவில்லை. நம்ப அவனுக்கு வழி ஏது. அதற்குப் பிறகு என்னோடு பேசுவதையே விட்டுவிட்டான். எனக்கு அதுதான் தாங்கவில்லை. விடைத்தாளின் நகல் வேண்டும் என்று நானே மனு எழுதி, அம்மாவுக்குத் தெரியாமல் அவனைக் கையெழுத்துப் போடவைத்து அனுப்பினேன். நகல் வந்ததும் அவனை இழுத்துக்கொண்டு பஸ் ஏறி டயர் கடை மாடிக்குப் போனேன். இதைப் பார்த்தால் அந்த டீச்சர் எப்படியும் சேர்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

டீச்சர் நின்றபடியே வாசிக்க ஆரம்பித்தார், பிறகு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் சரி என்று கோடு இருந்தது. கல் பொறுக்கியதற்குப் பத்துக்கு ஆறு. மருந்துப் பாட்டிலுக்குப் பத்துக்கு ஏழு. என்னை ஃபெயில் போடுங்கள் என்ற வரிக்கும் ஒரு சரி. கடைசிப் பக்கத்தின் அடியில் சிவப்பில் ஒரு வரி எழுதியிருந்தது. அண்ணன் அதில் விரலை வைத்து டீச்சரைக் கேட்டான். அவர் வாசிக்காமல் தாளை என்னிடம் நீட்டினார். நான் வாசித்தேன்.

"கையெழுத்து அழகாக உள்ளது. தொடர்ந்து இதேபோல் எழுதவும்."

அண்ணன் தாளைக் கையில் வாங்கிக்கொண்டான். "யாருமே வாசிக்கலியா?" என்று டீச்சரைக் கேட்டான். பாஸ் ஆனவனைச் சேர்த்தால் இந்த வகுப்பையே மூடிவிடுவார்கள், என் கையில் எதுவும் இல்லை என்று அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அவன் சரிசெய்து கொடுத்த மின்விசிறி எங்கள் தலைக்கு மேல் நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே பையன் ஒருவன் தனியாக, தப்புத் தப்பாக, ஒரு வரியை வாசித்துக்கொண்டிருந்தான். அவன்மேல் எனக்கு அவ்வளவு பொறாமை வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான். என்மேல் இருந்த கோபம் போய்விட்டது. அதைச் சொல்லத் தெரியாமல், "நிஜமாவே உன் கையெழுத்து நல்லாத்தான் இருக்கு வாயாடி" என்றான். முதலிலிருந்து ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னான். நான் மெதுவாக வாசித்தேன். முதல் வரியிலேயே அவனும் சேர்ந்துகொண்டான். தாளை மடியில் விரித்து, வரிமேல் விரலை ஓட்டிக்கொண்டு, அரை மூச்சு பின்னால், பழைய கணீர் குரலில் வந்தான். எனக்கு வாசிக்கத் தெரியாது. என் கை ஒடியல. தலையாட்டிக்கிட்டேதான் இருக்கேன்.

எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாள் பையை மடியில் சரிசெய்துகொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"பையன் நல்லா வாசிக்கிறானே" என்றார்.